கடற்கரையில் ஊழியத்துக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியின் சுருக்கம் இது. மண்டபம் பக்கத்துச் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண். பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறார். கடற்கரைப் பிள்ளைகள் நடுவில் ஊழியம் செய்யப் பாரம். "கர்த்தர் வாசலைத் திறக்கட்டும்" என்று மூன்று வருடமாக ஜெபம், எதுவும் திறக்கவில்லை. இப்போது வெளியூர் அமைப்பு ஒன்று, ராமநாதபுரம் பக்கம் சிறுவர் இல்லம் ஆரம்பிக்கிறோம், வேலையை விட்டுவிட்டு வந்து பொறுப்பெடுங்கள் என்று கூப்பிடுகிறது. இதுதான் அந்த வாசலா?

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த இல்லத்தின் பொறுப்பை இப்போது எடுக்க வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். ஆனால் மூன்று வருடமாக வாசல் அடைத்தே கிடக்கிறது என்று நீங்கள் நினைப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் அது இல்லை, அவ்வளவுதான்.

வாசல் திறப்பதைப் பற்றி அதிகம் எழுதியவர் பவுல். நம் சபைகளில் அவருடைய வசனங்களைத் தனித்தனியாக வாக்குத்தத்த அட்டையில் படிப்பதால் அவற்றுக்குள் ஓடும் கதை தெரியாமல் போய்விடுகிறது. அப்போஸ்தலர் 16-ல் பவுலும் சீலாவும் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அதுவும் அடைபடுகிறது. துரோவாவுக்கு வந்து சேர்ந்த இரவில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன், வந்து எங்களுக்கு உதவிசெய்ய வேண்டும் என்று கேட்பதாகத் தரிசனம். உடனே கப்பலேறுகிறார்கள். பிலிப்பியில் போய்ப் பார்த்தால் தரிசனத்தில் கண்ட அந்த ஆள் எங்கும் இல்லை. ஆற்றங்கரையில் சில பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் லீதியாள் தன் வீட்டைத் திறந்துவிடுகிறாள். அவள் எந்த ஊர்? தியத்தீரா. தியத்தீரா எங்கே இருக்கிறது? ஆசியாவில். போகாதே என்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவின் பெண்தான் ஐரோப்பாவில் முதல் வீட்டுக் கதவைத் திறக்கிறாள்.

கதை அங்கே முடியவில்லை. சில வருடங்கள் கழித்து அதே ஆசியாவின் தலைநகரான எபேசுவில் பவுல் இருக்கிறார். திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம் தினமும் பேசுகிறார் (நீங்கள் டீச்சர் என்பதால் இதைக் கவனிக்கச் சொல்கிறேன்). அங்கிருந்துதான் 1 கொரிந்தியர் 16-ல், பெரிய கதவு ஒன்று எனக்குத் திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர் என்று எழுதுகிறார். முதலில் அடைபட்ட வாசல் பின்னால் திறந்தது. திறந்தபோது எதிர்ப்பும் கூடவே இருந்தது. ஆகையால் தடை வந்தால் கர்த்தருக்குச் சித்தமில்லை, எல்லாம் சுலபமாக நடந்தால் சித்தம் என்று முடிவு கட்டும் நம் வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

இன்னொரு இடம் பிரசங்கங்களில் அபூர்வமாகவே வரும். 2 கொரிந்தியர் 2:12-13. துரோவாவில் கர்த்தராலே தனக்குக் கதவு திறக்கப்பட்டிருந்தும், தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதியில்லாமல் விடைபெற்றுப் போய்விட்டேன் என்கிறார் பவுல். திறந்த கதவை விட்டுவிட்டு நடந்தவர் அவர். அதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. வந்த வாய்ப்பை விட்டால் தேவ சித்தத்தை இழந்துவிடுவேனோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

இனி அடையாளத்துக்கு வருவோம். பிலிப்பியிலும், லூக்கா 10-ல் இயேசு எழுபது பேரை அனுப்பும்போதும் ஒரே காரியம் நடக்கிறது: உள்ளே இருக்கிற ஒருவர் கூப்பிடுகிறார், அல்லது ஏற்றுக்கொள்கிறார். வாசலைத் திறப்பவர் கர்த்தர்தான். ஆனால் தாழ்ப்பாளை நீக்கும் கை பெரும்பாலும் அந்த ஊர்க்காரருடைய கை. நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு) 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டு, இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடப்பட்டார். திரும்பி வந்த பிறகு பெரிய வாசல் எப்படித் திறந்தது? சேதுபதி குடும்பத்துக்கு உறவான தடியத் தேவர் நோயில் கிடந்து, தாமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதன் விளைவு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதில் முடிந்தது. கூப்பிட்ட குரல் உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் உண்மை.

இந்த அளவுகோலை உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். சிறுவர் இல்லத்துக்கு உங்களைக் கூப்பிடுவது யார்? ஒரு வெளியூர் அலுவலகம். எந்தக் கடற்கரைக் கிராமமாவது, எந்தத் தாயாவது, எங்கள் ஊருக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆனால் போகிற போக்கில் வேறு ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, "எட்டாவது படிக்கிற பேரனுக்கு வகுத்தல் கணக்கு வரமாட்டேங்குது, கொஞ்சம் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று இரண்டு தடவை கேட்டது. நான் அந்த வரியில்தான் நின்றேன்.

மூன்று வருட ஜெபத்தைப் பற்றியும் ஒன்று. நெகேமியா கிஸ்லேவ் மாதம் தொடங்கி நிசான் மாதம்வரை, ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தார். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றபோது அவர் கையில் பதில் தயாராக இருந்தது. எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், கதவுகளுக்கு மரம் யாரிடமிருந்து வேண்டும் எல்லாம். எருசலேமுக்குப் போனதும் யாரிடமும் சொல்லாமல் சில பேரோடு இரவில் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். அவர் ஜெபித்த காலம் விசாரித்த காலமும்தான். "வாசல் திறக்கட்டும் ஆண்டவரே" என்ற ஜெபத்தில் ஊர் பெயர் இல்லை, வீட்டுப் பெயர் இல்லை, பிள்ளை பெயர் இல்லை. அதற்குப் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது. அந்தப் பேரனின் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் சபை ஆயரிடம் போய், ஊழியத்துக்கு அனுமதி கேட்காமல், ஆறு மாதத்துக்கு வாரம் இரண்டு மாலை கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப்போகிறேன், மாதம் ஒருமுறை என்னிடம் கணக்குக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் கைவைத்து அனுப்பியது, அவர்கள் அந்தச் சபையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தபோது.

அடுத்தது அந்த மீன்காரம்மாவின் ஊர். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வட்டாரத்துக் கடலோரக் குடியிருப்புகளில் பல ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க ஊர்கள். வேதாளை, பெரியபட்டினம் போன்ற இடங்களில் இஸ்லாமியக் குடும்பங்கள் அதிகம். கத்தோலிக்க ஊர் என்றால் ஊர்த் தலைவரைப் பார்க்கும் முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள். சிஎஸ்ஐ என்பதை மறைக்காதீர்கள். யாரையும் உங்கள் சபைக்கு இழுக்க வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். அது முடியாது என்று உங்கள் மனது சொன்னால் அந்த ஊருக்குப் போகாதீர்கள். நானூறு ஐந்நூறு வருடமாகச் சிலுவை நிற்கிற ஊரில் போய்ப் புதுப் பலகை மாட்டிவிட்டு, கர்த்தர் வாசல் திறந்தார் என்று அறிக்கை எழுதுவது இந்தக் கரையில் நிறைய நடக்கிறது. எனக்கு அதில் மரியாதை இல்லை.

எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் படிப்பு வேறு, வேதபாடம் வேறு. படிப்பு நேரத்தில் ஜெபத்தைத் திணிப்பதோ, பாட்டுப் பாடினால்தான் சுண்டல் என்பதோ கூடாது. வேதாகமக் கதை சொல்வதாக இருந்தால் தனி நாளில், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

இடம் ரொம்ப முக்கியம். ஊருக்குள் பெரும்பாலும் சங்கத் தேர்தலாலோ பழைய படகுத் தகராறாலோ இரண்டு அணி இருக்கும். ஓர் அணிக்காரர் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தால் மறு அணியின் பிள்ளைகள் இரண்டாம் வாரமே நின்றுவிடும். உங்களுக்குக் காரணமும் தெரியாது. கோயில் வராந்தா, பள்ளிக்கூடம், வலை பின்னும் கொட்டகை என்று பொதுவான இடமாகப் பாருங்கள்.

நேரம் கடலைப் பொறுத்தது. இந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எந்த நாளில் அப்பா வீட்டில் இருப்பார் என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இருக்கும் மாலையில் பிள்ளை வருவது நிச்சயம். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசியைப் பிடுங்கி, இடுப்புப் பையை நிரப்பிக்கொண்டு கரையேறும்போது உப்பில் ஊறிய கைகள் வெளுத்துச் சுருங்கி, கீறல் கீறலாக இருக்கும். அந்த நாட்களில் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் உட்காரச் சொல்வார்கள், ஆனால் தூக்கத்தில் கண் சொருகும். அந்த வாரம் பிள்ளைகளை மட்டும் பாருங்கள். தாய்மாரை இடைப்பட்ட நாட்களில் பாருங்கள். காயத்துக்கு மருந்து போட ஒரு செவிலியரை மாதம் ஒருமுறை அழைத்துப்போனால் அதுவே பெரிய ஊழியம்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நிறுத்துங்கள். ஒரு பெரியவருக்குப் பதினைந்துக்கு மேல் போனால் அது டியூஷனாக இருக்காது, சத்தம் அடக்கும் வேலையாகிவிடும். முதல் வாரம் பாடம் எடுக்காமல் ஒவ்வொருவரையும் தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, இரண்டிலக்கக் கழித்தலும் ஒரு வகுத்தலும் போடச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நாலாம் வகுப்புக் கணக்கில் சிக்கல் இருக்கும். அதை மற்றவர்கள் முன் சொல்லிவிட்டால் மறுநாள் வரமாட்டான். சுண்டலுக்கு ஆளுக்கு 40 கிராம் உலர் கடலை போதும். பன்னிரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் நாலு கிலோ. உங்கள் சம்பளத்திலேயே முடியும். முதல் ஆறு மாதம் யாரிடமும் காணிக்கை கேட்காதீர்கள்.

துணைக்கு இன்னொரு பெரியவர் கட்டாயம். நீங்கள் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கவே கூடாது. ஆண் தன்னார்வலர் வந்தால் இன்னும் கண்டிப்பு. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், கைபேசி எண் வாங்குங்கள். பிள்ளைகள் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மாலை 5 மணிக்கு ஆரம்பித்தால் 6 மணிக்கு முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுங்கள். கல்யாணமாகாத பெண் இருட்டில் கடற்கரையில் நிற்பதை உங்கள் வீட்டாரும் விரும்ப மாட்டார்கள், ஊரும் பேசும். அந்தப் பேச்சு பிள்ளைகளைத்தான் பாதிக்கும்.

எங்கே கெட்டுப்போகும் என்றும் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலானோர் மே மாதம் விபிஎஸ்ஸோடு (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆரம்பிக்கிறார்கள், பிள்ளைகள் லீவில் இருப்பதால். அது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது, வீட்டில் காசு இருக்காது, அப்பாக்கள் கேரளப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்போது பிஸ்கட்டும் கிஃப்டும் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது எளிது. ஜூனில் ஆளைக் காணோம் என்றால், வருஷத்துக்கு ஒருமுறை வந்து போட்டோ எடுப்பவர்கள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு உண்மையாக வருகிறவருக்கும் கதவு திறக்காது.

அடுத்த குழி கடன். குழு லோன் தவணை நாளில் கையைப் பிசைந்துகொண்டு ஓர் அம்மா உங்களிடம் ஆயிரம் ரூபாய் கேட்பார். கொடுத்தால் அடுத்த வாரம் நாலு பேர். திருப்பித் தர முடியாதவர் வெட்கத்தால் பிள்ளையையும் அனுப்ப மாட்டார். கடன் கொடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரிசி வாங்கிக் கொடுக்கலாம், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். காலேஜ் ஃபீஸ் பார்த்துக்கொள்கிறோம் என்று உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுப்பதும் இதே வகைதான்.

மூன்றாவது மாதம் பிள்ளைகள் எண்ணிக்கை பாதியாகும். பெரிய பையன்கள் லீவு நாட்களில் ஐஸ் தூக்கவும் வலையிலிருந்து மீன் கழிக்கவும் போவார்கள், கையில் காசு வரும். திட்டாதீர்கள். வந்த நாளில் பாடம் எடுங்கள். திருவிழாக் கொடியேறினால் அந்த நாட்களுக்கு லீவு விட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்தில் ஒருவருமே உங்களை உள்ளே கூப்பிடவில்லை, சம்மதம் கொடுத்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள் என்றால்? அந்த ஊர் இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சண்டையில்லாமல் விடைபெறுங்கள். சபைகள் எட்டிப் பார்க்காத மக்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். சாயல்குடிப் பக்கம் பதநீர் இறங்கும் மாதங்களில் பனைத்தோப்பிலேயே குடிசை போட்டுத் தங்கும் குடும்பங்கள், வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளிகள், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். அங்கே பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதற்கு இடமாற்றமே காரணம். மண்டபம் அகதிகள் முகாமில் பாரம் இருந்தால் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் உள்ளே போகப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்த இல்லம். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 41-ஆம் பிரிவின்படி, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பொறுப்பாளர் என்றால் யார்? வெளியூரில் இருக்கும் தலைவர் என்று நினைக்காதீர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நீங்களும்தான். ஹாஸ்டல் என்று பெயர் மாற்றினாலும் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். பெண்கள், சிறுவர் விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014 சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வேண்டும். ஆதரவற்றதாகக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். "பாவம், அப்பா இல்லை" என்று நீங்களாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

சட்டத்தைத் தாண்டியும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கடலில் தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், தெரு முழுக்கச் சொந்தம். அவனை இல்லத்தில் சேர்ப்பதைவிட வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது நல்லது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். அந்தத் தாய்க்குச் சான்றிதழ்களைச் சேர்த்து, மனு எழுதி, கூடவே பஸ்ஸில் ராமநாதபுரம் போய்வர ஆள் இல்லை. இலங்கையில் படகு பிடிபட்டுக் கணவன் சிறையில் இருக்கும் பெண்ணுக்கும் இப்படிக் கூட வர ஓர் ஆள்தான் முதல் தேவை.

வெளிநாட்டுப் பணம் வரும் என்று அமைப்பு சொல்கிறது. அந்தப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அது முதலில் டில்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்புகிறோம் என்றால் அந்த நிமிடமே மறுத்துவிடுங்கள். வெளி பலத்தோடு ஒட்டிக்கொண்ட ஊழியத்துக்கு இந்தக் கரை பழைய பாடம் வைத்திருக்கிறது. 1549-ல் வேதாளையில் இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டது, ராமேஸ்வர யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியப் படைத்தலைவன் வரி வசூலிக்கப்போய் மூண்ட சண்டையில். அந்த வரிக்கும் அந்தக் குருவுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அடி அவர்மேல்தான் விழுந்தது.

அமைப்புக்குப் பதில் எழுதும்போது மறுப்பை மட்டும் எழுதாதீர்கள். பதிவுச் சான்றிதழ் நகல், கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, உங்கள் பதவி, சம்பளம், பிஎஃப் குறித்த எழுத்துபூர்வமான கடிதம், எந்த ஊர் இதைக் கேட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். விசுவாசத்தில் வாருங்கள், காகிதம் பின்னால் வரும் என்று பதில் வந்தால், கோபுரம் கட்ட மனதானவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானோ என்று இயேசுவே கேட்டதை (லூக்கா 14:28) அவர்களுக்கு நினைவூட்டலாம். காகிதம் எல்லாம் சரியாக வந்தாலும் ஆறு மாத அவகாசம் கேளுங்கள். அதற்குள் அந்த மீன்காரம்மாவின் பேரன் வகுத்தல் போடப் பழகியிருப்பான், ஊரில் நாலு வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லம் வேண்டுமா வேண்டாமா என்று அந்த வீடுகளிலேயே கேட்டுவிடலாம். அதுவரை பொறுக்க மாட்டோம் என்றால் அமைப்பு வேறொருவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.